பெரிய ஜாடியில் கண்ட குறை

ஒரு வீடியோ கேமைக் கையால் தொடாமலே அதன் உள்ளும் புறமும் ஆராய்ந்து, குறை கண்டு, அந்தக் குறையைக் கடல் கடந்து திருத்தவும் வைத்த ஒரே ஊர் விருத்தாசலம்தான். வெளிநாட்டுக்காரனுக்கு கேம் செய்யத் தெரியும், விற்கத் தெரியும். திறனாய்வு என்று வந்துவிட்டால் அவன் ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஊரின் பழம்பெயரைத் தாங்கிய ‘முதுகுன்றம் முத்தமிழ்த் திறனாய்வுப் பேரவை’ எங்கே என்று விசாரித்துக்கொண்டு வரவேண்டியதுதான்.

பேரவையின் தலைவர் புலவர் நல்லமுத்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். முந்நூறு நூல்களுக்கு மேல் மேடையில் விமர்சித்தவர். அவருடைய முறை மிகவும் நேர்மையானது. முன்னுரையைப் படிப்பார். பின்னட்டையைப் படிப்பார். இரண்டுக்கும் நடுவே இருப்பதைப் படிக்கமாட்டார். படித்தால் ஆசிரியர் பக்கம் மனசு சாய்ந்துவிடும் என்று பயம். செயலாளர் ஜெயராஜுக்குக் கடலூர் ரோட்டில் டைல்ஸ் கடை. டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டி ஒன்றை அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தான். கையில் பிடித்து ஆடும் அதன் கைப்பிடி இரண்டு வருஷமாகியும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. தூசு படலாமா? பொருளாளர் சுப்புராயன், ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்தவர். அவர் கட்டிய பார்சல் டெல்லி வரை போனாலும் முடிச்சு அவிழாது.

சுப்புராயனின் மருமகள் நீலாவதி பீங்கான் யூனிட்டில் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறவள். அவள் பேரவை உறுப்பினர் அல்ல. இந்த வரலாற்றில் அவளும் வருவதற்குக் காரணம், அந்தக் குறை அவள் புருஷன் மதிவாணனுடையது.

கேம் என்னவென்றால், வாள் பிடித்த ஒரு வீரன் எரிகிற மலையைத் தேடிப் போகிறான். மலைக்குள் ஒரு நாகம். வழியில் கண்ட ஜாடிகளையெல்லாம் உடைத்தால் உள்ளே காசும் மருந்தும் கிடைக்கும். முதலில் கம்ப்யூட்டருக்கென்று வெளிநாட்டில் செய்தார்கள். அதை ஜெயராஜிடம் இருப்பது போன்ற டிவிப் பெட்டியில் ஓடுகிற மாதிரி மாற்றித் தரும் வேலையைச் சென்னையில் ஒரு கம்பெனி எடுத்திருந்தது. பேரவை இதற்குக் ‘கலம் மாற்றுதல்’ என்று பெயர் சூட்டியது. பெயர் சூட்டவே மூன்று கூட்டம் ஆனது. மதிவாணனுக்கு அந்தக் கம்பெனியில் சத்தம் பதிக்கும் வேலை. கதவு திறக்கிற சத்தம், வாள் உரசுகிற சத்தம், ஜாடி உடைகிற சத்தம். பழைய சத்தங்கள் புதுப் பெட்டியில் கரகரவென்று கேட்டதால் சிலவற்றை மறுபடி பதிய வேண்டியிருந்தது.

ஜாடிச் சத்தத்துக்கு அவன் ஊருக்கே வந்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை யூனிட்டின் பின்பக்கம், சூளையில் கீறல் விட்டுப்போன ஜாடிகளைக் குவித்திருக்கும் இடத்தில், நீலாவதியை நிற்கவைத்து உடைக்கச் சொன்னான்.

“இன்னாங்க, பைத்தியமா புடிச்சிருக்குது? ஒருத்தி சம்பளத்துக்கு ஜாடிய காப்பாத்துறா, ஒருத்தரு சம்பளத்துக்கு ஒடைக்கச் சொல்றாரு.”

“செகண்ட்ஸ் சரக்குதான, போடு. மண்ணுல போடாத, சிமெண்டுல போடு. மண்ணுல வுழுந்தா வாந்தி எடுக்கற மாதிரி கேக்குது.”

அவள் போட்டாள். அவன் குவியலுக்குப் பின்னால் மைக்கை நீட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஊறுகாய் ஜாடி, உப்பு ஜாடி, ஆள் முழங்கால் உயரத்துக்கு ஒரு பெரிய ஜாடி. கடைசி ஜாடிக்கு அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இன்னொண்ணு போடு நீலா” என்றான்.

பிறகு சென்னையிலிருந்து போன் செய்தான். “எல்லாத்தையும் வெட்டி ஒட்டிட்டன். பெரிய ஜாடில மட்டும் எங்கொரலு பின்னால லேசா கேக்குது. இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டன். ஒடைக்கிற அவசரத்துல எவன் காது குடுத்துக் கேக்கப் போறான்?”

திறனாய்வாளர்களைப் பற்றி அவன் இவ்வளவு தாழ்வாக எண்ணியிருந்தது வருந்தத்தக்கது.

கேம் வெளிவருவதற்கு முன்பே, பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவன் வேப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்தான். கடந்து முடிக்கவில்லை. அவனுடைய செல்போனும் அவனோடு போயிற்று. கல்யாண கேசட்டில் அவன் நிறையப் பேசுகிறான். ஆனால் வீடியோக்காரர் முழுக்க சினிமாப் பாட்டுப் போட்டு ‘மெருகேற்றி’ இருந்ததால், அவன் வாய் திறக்கும் இடத்திலெல்லாம் வேறு யாரோ பாடினார்கள். ஆக, மதிவாணனின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பெரிய ஜாடிக்குள் மட்டும்தான். இது நீலாவதிக்குத் தெரியும். அதைக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

கேம் வெளிவந்ததும் கம்பெனிக்காரர்கள் மரியாதைக்கு ஒரு சிடியை வீட்டுக்கு அனுப்பினார்கள். சுப்புராயன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பேரவையில் ஒப்படைத்தார். மகனுடைய ஆக்கம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது எத்தனை தகப்பனுக்குக் கிடைக்கும்?

ஜெயராஜ் பிரவுசிங் சென்டருக்குப் போய், வெளிநாட்டு விமர்சனங்களை அச்செடுத்து வந்தார். புலவர் அவற்றைத் தமிழாக்கினார். கம்ப்யூட்டரில் அந்த கேம் சிங்கம். டிவிப் பெட்டியில் அது நனைந்த பூனை என்பதே மேல்நாட்டார் தீர்ப்பு. படம் நடுங்குகிறது. காத்திருப்பு நீளம். நூற்றுக்கு அறுபத்தொன்று.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த சுப்புராயன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

“உம்புருசன் வேலைலயும் ஒரு கொற கண்டுபுடிச்சிருக்கான் வெள்ளக்காரன். ஜாடி ஒடையறப்ப பின்னால யாரோ பேசற மாதிரி கேக்குதாம். இன்னா பாஷைன்னே தெரியலயாம். ‘மன்னிக்க முடியாத அசட்டை’ன்னு போட்டிருக்கான்.”

நீலாவதி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். “கேக்குதாமா மாமா?”

“இன்னாது?”

“கொரலு. அமெரிக்கா வரைக்கும் கேக்குதாமா?”

“அதத்தாம்மா கொறைன்னு சொல்றான்!”

அறுபத்தொரு மார்க் வாங்கிய வீட்டில் மருமகள் அப்படிச் சிரித்தது சுப்புராயனுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் ஜெயராஜின் கடைக்குப் போனாள்.

“அண்ணா, ஒரே ஒரு தடவ அந்த சிடிய போட்டுக் காட்டுங்க. பெரிய ஜாடி ஒடையற வரைக்கும் போதும். பாத்துட்டுப் போயிட்றன்.”

ஜெயராஜ் பதறிவிட்டார். “இன்னாம்மா நீ! வர்ற ஞாயித்துக்கெழம திறனாய்வு வச்சிருக்குது. அதுக்கு முன்னால போட்டுப் பாத்தா அபிப்பிராயம் வந்துடாது?”

“வந்தா இன்னாங்க?”

“அபிப்பிராயத்தோட விமர்சனம் பண்றது தப்பும்மா. தலைவரு அந்த டப்பாவையே தள்ளி வச்சிட்டுத்தான் குறிப்பு எடுக்கறாரு.”

“எதப் பாத்துக் குறிப்பு எடுக்கறாரு?”

“டப்பா அட்டைய ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்திருக்கன்.”

யூனிட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக்குக் கண் எழுதும் அம்புஜவல்லி இதைக் கேட்டுவிட்டு, “ஜாதகத்த ஜெராக்ஸ் எடுத்துட்டு மாப்பிள்ளைய பாக்கவே வேணாம்னு சொல்ற ஆளுங்கடி இவங்க” என்றாள். ஆராய்ச்சி முறைகள் பாமரர்களுக்குப் புரிவதில்லை.

ஞாயிறு மாலை கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. ‘கலம் மாறிய காவியம்: ஒரு திறனாய்வு அரங்கம்’ என்று துணி பேனர். கீழே மதிவாணனின் போட்டோ, மாலையோடு. நீலாவதிக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இடம் கொடுத்தார்கள். முதலில் பூஜை. புது வண்டி வாங்கினாலும் புது மிஷின் இறக்கினாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் நம் ஊரில் ஓட்டுவதில்லை. பெட்டிக்கு மூன்று பொட்டு வைத்தார்கள். டிவிக்கு மூன்று. சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் பளபளவென்று இருக்கிறதோ அதுதான் முகம் என்று முடிவுசெய்து, அங்கே நன்றாகக் குழைத்து மூன்று பொட்டு. சூடம் காட்டி உள்ளே தள்ளினார்கள்.

திரையில் ஒரு வாள் தோன்றி மெதுவாகச் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. ‘காத்திருப்பு நீளம்’ என்று மேல்நாட்டார் முன்பே எழுதியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புலவர் மைக்கைப் பிடித்தார்.

“அவையோரே! இந்த வாளைப் பாருங்கள். சுழல்கிறது, ஆனால் வெட்டவில்லை! வெட்ட முடிந்தும் வெட்டாத வாள்! இதைத்தான் மேல்நாட்டான் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று குறை சொல்கிறான். நடக்காததில் இருக்கிற நயம் அவனுக்கு எப்படித் தெரியும்?”

கைதட்டல். முக்கால் மணி நேரம் அந்த வாளின் அடக்கத்தைப் பற்றிப் பேசினார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வாள் சுழன்றது.

அடுத்து, பீங்கான் யூனிட் முதலாளி சாமிக்கண்ணு ‘தொழில்நுட்ப நோக்கில்’ பேசினார். “அட்டைல பாத்தன். ஒரே வெட்டுல ஜாடி சுக்குநூறா போவுது. நான் கேக்கறன், சூளைல நல்லா வெந்த ஜாடி ஒரே வெட்டுல ஒடையுமா? ஒடைஞ்சா அது பச்சை மண்ணு. நம்ம ஊரு சரக்க வச்சிருந்தா அந்த வாளுதான் ஒடைஞ்சிருக்கும், கேமும் அங்கயே முடிஞ்சிருக்கும். இந்தத் தொழில் நடக்கற ஊர்ல பொறந்த புள்ள இத யோசிச்சிருக்க வேணாமா?”

மண்டபம் அதிர்ந்தது. உடைந்த ஜாடியெல்லாம் சாமிக்கண்ணுவின் யூனிட் சரக்குதான் என்று தெரிந்த ஒரே ஆள் கடைசி வரிசையில் எழுந்து நின்றாள். பொன்னாடை நழுவி விழுந்ததைக்கூடப் பார்க்காமல் மேடைக்கு நடந்து வந்தாள்.

“ஐயா, இது இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க.”

புலவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “ஆரம்பிக்கலைன்னா நான் இத்தன நேரம் எதப் பத்திம்மா பேசனேன்?”

“தெரியலீங்க ஐயா.”

அவள் பெட்டியைத் திறந்து சிடியை எடுத்தாள். “சாமி பொட்டும்மா, அழிக்காத!” என்று ஜெயராஜ் ஓடிவருவதற்குள் முந்தானையால் துடைத்து உள்ளே தள்ளிவிட்டாள். வாள் இரண்டு சுற்றுச் சுற்றி மறைந்தது. ஒரு கிராமம் வந்தது. வீரன் வந்தான்.

பிளாஸ்டிக் உறையோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஜெயராஜ் வீரனை ஓட்டினார். வீரன் ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். திரும்பி இன்னொரு சுவரில் முட்டினான். “இதுவும் குறையாகக் கொள்ளத்தக்கது” என்றார் புலவர். பிறகு வீரன் தற்செயலாக ஒரு வீட்டுக்குள் விழுந்தான். உள்ளே ஜாடிகள். ஜெயராஜ் எதையோ அழுத்தினார். சின்ன ஜாடி உடைந்தது. உப்பு ஜாடி உடைந்தது. பெரிய ஜாடி உடைந்தது.

சில்லுகள் தரையில் ஓடி அடங்கும் சத்தத்துக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒருத்தன் சொன்னான்:

“இன்னொண்ணு போடு நீலா.”

முன்வரிசையில் சுப்புராயன் எழுந்துவிட்டார். எழுந்தவருக்கு எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

“கேட்டீர்களா?” என்றார் புலவர். “குறை! மேல்நாட்டான் எந்த மொழியென்று தெரியாமல் தவித்தான். நாம் கண்டுபிடித்துவிட்டோம். தமிழ்!”

அன்றைய நிகழ்ச்சியிலேயே மிகப் பெரிய கைதட்டல் இதற்குத்தான்.

“இன்னொரு தடவ ஒடைங்கண்ணா,” என்றாள் நீலாவதி. “பெரிய ஜாடி. அந்த மூலையில ஒண்ணு நிக்குது பாருங்க.”

ஜெயராஜ் வீரனைத் திருப்பினார். வீரன் இரண்டடி வைத்தான். கரண்டு போய்விட்டது. அந்த வருஷம் கரண்டு போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, வந்தால்தான் பேசுவார்கள். எமர்ஜென்சி விளக்கை ஏற்றிவைத்து, மைக் இல்லாமலே அரங்கம் தொடர்ந்தது. புலவர் தீர்மானத்தை முன்மொழிந்தார்: மறைந்த இளைஞரின் நற்பெயருக்கு இந்தக் குரல் ஒரு களங்கம், அதை நீக்கித் திருத்திய பதிப்பு வெளியிடும்படி மேல்நாட்டுக் கம்பெனியை இப்பேரவை கேட்டுக்கொள்கிறது, ஆதாரத்துக்கு அந்த சிடியையே அனுப்பிவைக்கிறது.

“ஐயா, அது கொற இல்லீங்க,” என்றாள் நீலாவதி. “அது அவருங்க.”

புலவர் இரக்கம் உள்ளவர். மேடையை விட்டு இறங்கியே வந்தார். “தெரியும்மா. நாங்களும்தான் கேட்டோம். அவரா இருக்கறதாலதான் எடுக்கணும். வேற யாரோ பேசியிருந்தா நமக்கு இன்னா?”

“எடுத்துட்டா அப்புறம் எனக்கு எங்கங்க ஐயா கேக்கும்?”

“உணர்ச்சி வேறம்மா, திறனாய்வு வேற.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நீலாவதி உறுப்பினர் அல்ல என்பதால் ஒருமனதுக்கு இடையூறு ஏற்படவில்லை.

பார்சல் கட்டும் பொறுப்பு இயல்பாகவே சுப்புராயனிடம் வந்தது. டப்பாவை அட்டைக்குள் வைத்து, வைக்கோல் திணித்து, மேலே காடாத்துணி சுற்றித் தைக்க உட்கார்ந்தார்.

“மாமா, அத அனுப்பாதீங்க. காலுல வுழறன்.”

“அறுவத்தொண்ணும்மா! பத்தாவதுல நானூத்தி நாப்பது எடுத்த புள்ள. அவன் பேருக்கு நேரா அறுவத்தொண்ணுன்னு இருந்தா நான் எப்புடித் தெருவுல நடக்கறது?”

“உங்களுக்குக் கேக்க வேணாமா?”

சுப்புராயன் வெகுநேரம் துணியின் ஓரத்தையே மடித்துக்கொண்டிருந்தார். “கேட்டன்” என்றார். “நல்லா கேட்டுச்சு. வூட்டுல பேசற மாதிரியே இருந்துச்சு. வேல செய்ற எடத்துல அப்புடியா பேசறது? பாக்கறவன் இன்னா சொல்லுவான்? வெள்ளக்காரன் எழுதிப்புட்டான், பாரு.”

கண் சரியாகத் தெரியாததால் ஊசியையும் நூலையும் அவளிடம் நீட்டினார். இருபத்தெட்டு வயதில் அவள் முதன்முதலாக மாமனார் சொன்ன வேலையைச் செய்யாமல் நின்றாள். அவர் பக்கத்து வீட்டில் கொடுத்துக் கோர்த்துக்கொண்டு வந்தார். முடிச்சு எப்போதும்போல உறுதியாக இருந்தது.

அதன் பிறகு நீலாவதி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜெயராஜின் கடைக்குப் போய் அந்த சிடி வேறு எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டாள். வெளியூரில் கிடைக்கலாம், ஆனால் குறையுள்ள சரக்கை வாங்கித்தரப் பேரவைச் செயலாளர் என்ற முறையில் தன்னால் இயலாது என்று அவர் விளக்கினார். கடைசியில் அம்புஜவல்லியின் தம்பி சென்னையில் தேடிப் பார்த்தான். கம்பெனி பழைய சரக்கையெல்லாம் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டதாம். ஏன் என்று கேட்டதற்கு, எங்கேயோ ஒரு ஊரிலிருந்து முத்திரையோடு புகார் வந்ததாம். அந்தச் செய்தியைத் திறனாய்வின் வெற்றி என்று பேரவை கொண்டாடியது. உண்மையும் அதுதான்.

ஆடி மாதம் புது சிடி வந்தது. ‘திருத்திய பதிப்பு’. மேல்நாட்டு விமர்சகர்கள் மறுபடி ஆடிப் பார்த்து, படம் இன்னும் நடுங்குகிறது, காத்திருப்பு இன்னும் நீளம், ஆனால் ஜாடிகள் இப்போது சுத்தமாக உடைகின்றன என்று எழுதி அறுபத்தெட்டு கொடுத்தார்கள். அந்த ஏழு மார்க்கும் விருத்தாசலத்தின் உழைப்பு. அதே மண்டபத்தில் வெற்றி விழா. சாமிக்கண்ணு வாழ்த்துரை வழங்கினார். இந்த முறை சிடிக்குப் பொட்டு வைக்கவில்லை. டப்பாவுக்கு மட்டும் வைத்தார்கள். பேரவை தன்னைத் திருத்திக்கொள்ளவும் தயங்காத அமைப்பு.

கேமைத் தொடங்கிவைக்க நீலாவதியை மேடைக்கு அழைத்தார்கள். அவள் கைப்பிடியின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போட்டாள். ஜெயராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

வீரன் அந்த வீட்டுக்குள் போனான். சின்ன ஜாடி உடைந்தது. உப்பு ஜாடி உடைந்தது. பெரிய ஜாடி உடைந்தது. சில்லுகள் தரையில் ஓடி அடங்கின. கைதட்டல்.

அவள் மூலையில் நின்ற ஜாடியை உடைத்தாள். அடுத்த வீட்டுக்குப் போனாள். கிராமம் முழுக்க வீடு வீடாகப் போய் இருந்த ஜாடிகளையெல்லாம் உடைத்தாள். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் கை தட்டியது. நாகம், மலை எதையும் அவள் சட்டை செய்யவில்லை. முன்வரிசையில் சுப்புராயன் மட்டும் கை தட்டாமல், உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார்.

“பெருசு இன்னொண்ணு இருக்குதாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கெணத்தாண்ட ஒண்ணு இருக்குது மாமா.”

அதையும் உடைத்தாள். சுத்தமாக உடைந்தது. சுப்புராயன் கையைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

புலவர் நல்லமுத்து மைக்கை அவள் முன்னால் நீட்டினார். “சொல்லும்மா, இப்ப ஏதாச்சும் குறை இருக்குதா?”

“இல்லீங்க ஐயா,” என்றாள். “ஒண்ணுமே இல்ல.”

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. சாவு என்பது அரைகுறையாக வேலை செய்யும். எங்கேயாவது ஒரு மூலையில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். முதுகுன்றம் முத்தமிழ்த் திறனாய்வுப் பேரவைதான் அந்தக் குறையையும் திருத்தியது.